பச்சை என்று எழுதிய நாட்கள்

வாசலூர்பட்டி,
கொல்லிமலை.
11-2-1962

சிரஞ்சீவி செல்லமுத்துவுக்குச் சின்னம்மா பொன்னம்மாள் எழுதுவது. நாக்பூரில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், ரயில்வே வேலையில் அலைச்சல் அதிகம் இல்லாமல் இருக்க அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா எழுந்து உட்காருகிறார், கோலை ஊன்றி வாசல்வரை போய்வருகிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். இதற்கு மேல் எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது, அப்பா உனக்கு எழுதும் கார்டின் மூலையில் "சின்னம்மாவின் ஆசிகள்" என்று சேர்த்ததைத் தவிர உனக்கென்று நான் தனியாக எழுதியதே இல்லை. உனக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். என்னை அம்மா என்று கூப்பிட உனக்குக் கூச்சமாக இருந்தது போலவே மகனே என்று எழுத எனக்கும் கூச்சமாக இருந்தது. இன்று பள்ளிக்கூடம் லீவு, அப்பா காப்பிச் செடிகளைப் பார்க்கிறேன் என்று வேலி ஓரம் கட்டிலைப் போடச் சொல்லி வெயிலில் படுத்திருக்கிறார், அவர் உள்ளே வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்குச் சின்ன எழுத்து இப்போது சரியாகத் தெரிவதில்லை, அதனால் நான்தான் படித்துக் காட்டினேன். முள் குத்தினதற்குக் கால் விரலையே எடுக்கும்படி ஆனது உங்கள் நாக்கினால்தான், நீங்கள் என்ன குழந்தையா, வாயைக் கட்டத் தெரியாதா, சின்னம்மா பி.ஏ. படித்தவர், அவர் அளந்து போடுவதைச் சாப்பிட உங்களுக்கு என்ன கேடு என்று எழுதியிருந்தாய். அந்த இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா சிரித்துக்கொண்டு, "ஏன் நிறுத்திட்ட, படி டீச்சர், பையன் சரியாத்தான் திட்டியிருக்கான்" என்றார். நான் மீதியைப் படித்து முடித்துக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மாட்டுக்கு முன்பே தண்ணீர் காட்டியாகிவிட்டது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. செல்லமுத்து, அந்தத் திட்டு அப்பாவுக்கு உரியது இல்லை, எனக்கு உரியது. அதை அவர் வாங்கிக்கொண்டார், இது முதல் தடவையும் இல்லை.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். போன வருஷம் தை, மாசியிலேயே அப்பா இளைக்கத் தொடங்கிவிட்டார். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது, ஓயாமல் தண்ணீர் குடித்தார், ஓயாமல் புறக்கடைக்குப் போய்வந்தார். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் இருசாயியை உனக்குத் தெரியுமே, அவள் வாய் சும்மா இருக்குமா. "ஏனுங்க டீச்சரம்மா, ஐயா இப்படி வத்தலாட்டம் ஆயிட்டாரே, சோறு போடறீங்களா, இல்லே பாடஞ் சொல்லியே பசியாத்தறீங்களா" என்று கிணற்றடியில் நாலு பேர் சிரிக்கக் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாந்தாரமாக வந்தவள் புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்று ஊர் பேசுமே என்று அன்றைக்கே கீழே காரவள்ளியில் இருக்கும் என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி நெல்லரிசி மூட்டை வரவழைத்தேன். இந்த வீட்டில் அதுவரை சாமையும் கேழ்வரகும்தான் அதிகம். நான் மூன்று வேளையும் நெல்லுச்சோறு போட்டேன், விடிந்ததும் டம்ளர் பாலில் மலைத்தேன் ஊற்றிக் கொடுத்தேன், வாழைப்பழத்தைச் சீப்போடு எதிரில் வைத்தேன், பலாக்காலம் வந்ததும் சுளை உரித்துத் தட்டில் அடுக்கினேன். அவர் சாப்பிடச் சாப்பிட இளைத்தார், இளைக்க இளைக்க நான் இன்னும் போட்டேன். இதற்கு நடுவில் புறக்கடைக் கல்லைச் சுற்றி எறும்பு சாரைசாரையாக மொய்ப்பதையும் பார்த்தேன். டிரெயினிங்கில் படித்த சுகாதாரப் புத்தகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று இருந்தது, பரீட்சைக்குக்கூட அந்தக் கேள்வி வந்தது, நான் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். ஆனால் புருஷனிடம் போய், நீங்கள் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று எந்த வாயால் சொல்வது என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். கல்லைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். அவ்வளவுதான் செய்தேன்.

சித்திரையில் அவராகவே மயக்கமாக வருகிறது என்று சொல்லி, இருவரும் மலையிறங்கிச் சேலம் போய் டாக்டரைப் பார்த்தோம். சர்க்கரை வியாதி என்று சொன்னார். நல்ல மனுஷர், அரைமணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். தேன், வெல்லம், பலா, பழுத்த வாழை, வள்ளிக்கிழங்கு கூடாது. காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கொடுங்கள், மத்தியானம் அரை ஆழாக்குச் சாமை வடித்து அதைவிட இரண்டு பங்கு கீரை, அவரை, சுரை, பாகல் ஏதாவது ஒன்று, சாயங்காலம் இருட்டுவதற்குள் இரண்டு கேழ்வரகு அடை. மலையில் விளைவதே உங்களுக்குப் போதும், அரிசி மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். சாமைதானே என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அளவு மீறினால் அதுவும் அரிசிச் சோறு மாதிரிதான் என்றும் சொன்னார். தினம் ஒரு மாத்திரை. அப்புறம் ஒரு நீல மருந்து, கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு எல்லாம் வாங்கச் சொல்லிச் சோதனை செய்யும் முறையைக் காட்டினார். ஒரு ஸ்பூன் நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்கவைத்தால், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் அதற்கு மேல், ஆரஞ்சு அதற்கும் மேல், செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். தினமும் காலையில் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், நோட்டைப் பார்த்துத்தான் நான் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும், நீங்கள் படித்தவர் என்பதால் உங்களை நம்பி அனுப்புகிறேன் என்றார். வீட்டில் வைத்துச் செய்ய எனக்கு வெட்கம், மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையில் விளக்கை வைத்துக்கொண்டேன். இருசாயி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சரம்மா, சாராயங் காச்சறீங்களா, எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க" என்றாள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். முதல் வாரம் முழுக்கச் செங்கல். அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், ஆனி பிறந்தபோது பச்சை, ஆனி கடைசியில் நாலு நாள் தொடர்ந்து நீலம். அந்த நாலு நாளும் எனக்கு இருந்த சந்தோஷம் பி.ஏ. பாஸ் என்று பேப்பரில் நம்பர் பார்த்த அன்றுகூட இல்லை.

அந்தச் சமயம் உன் கடிதம் ஒன்று வந்தது. ஆடி அமாவாசைக்கு வர லீவு கிடைக்கவில்லை, அம்மாவுக்குப் படையல் மட்டும் குறைவில்லாமல் நடக்கட்டும் என்று எழுதியிருந்தாய். நீ சாதாரணமாகத்தான் எழுதினாய். குறைவில்லாமல் என்ற சொல்லை நான்தான் பத்துத் தடவை படித்தேன். எங்கள் காரவள்ளிப் பக்கத்தில் மூத்தாளுக்குப் படைத்தால் அரிசிமாவில் வெல்லம் சேர்த்துக் கச்சாயம் சுட வேண்டும், தேனும் பழமும் பிசைந்து வைக்க வேண்டும், சர்க்கரைப் பொங்கல் வேண்டும், இலையில் வைத்ததை வேறு ஒருவரும் தொடக் கூடாது, தாலி கட்டினவர்தான் மிச்சமில்லாமல் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தாலோ வெளியில் கொடுத்தாலோ இளையவள் மூத்தவளை விரட்டுகிறாள் என்று அர்த்தம். இந்த வீட்டில் உன் அம்மாவுக்கு எப்படிப் படைப்பார்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கலாம். அவர் முன்னால் உன் அம்மா பேச்சை எடுக்க எனக்குக் கூச்சம், கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களில் அப்பா தானாகவே ஒரு தேங்காய் உடைத்துக் கும்பிட்டு முடித்துவிடுவார், இந்தத் தடவை உனக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது என்று நானே எல்லாவற்றையும் செய்தேன். அப்பா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டாக்டரு?" என்று கேட்டார். அக்காவுக்கு வைத்தது, வேண்டாம் என்றால் எனக்கு மனசு ஆறாது என்று சொன்னேன். அவர் உட்கார்ந்து இலை சுத்தமாகும்வரை சாப்பிட்டார், மீந்த கச்சாயத்தை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் குழாயில் செங்கல் நிறம் வந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன், பச்சை என்று எழுதினேன். ஒரு நாளைக்குத்தானே, இரண்டு நாளில் இறங்கிவிடும், செங்கல் என்று எழுதினால் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார், படித்த நானே போட்டேன் என்று சொல்ல வேண்டி வரும், இதுதான் என் நினைப்பு. ஆவணி அமாவாசைக்கும் படைத்தேன். ஆடியில் படைத்துவிட்டு ஆவணியில் நிறுத்தினால் அக்காவைக் கைவிட்டது போல ஆகிவிடுமே என்று பயம். புரட்டாசியிலும் படைத்தேன். அப்பாவுக்கும் நாக்கு பழகிவிட்டது, "அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் டீச்சர்" என்று கேட்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு நாள் தேன், ஒரு நாள் பழம் என்று கை தளர்ந்தது, நானும் சிரித்துக்கொண்டு கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். குழாயில் எந்த நிறம் வந்தாலும் நோட்டில் பச்சைதான். இரண்டொரு நாள் நீலம் என்றும் எழுதினேன், எல்லாமே பச்சையாக இருந்தால் சந்தேகம் வருமே என்று. முப்பத்தேழு பிள்ளைகளுக்குப் பார்த்து எழுதாதே என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

ஐப்பசியில் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனவருக்கு இடது கால் சுண்டுவிரல் பக்கம் முள் ஏறியது. முள்ளை எடுத்து மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆறவில்லை. மழை, மலையிறங்க முடியாது என்று சொல்லிக்கொண்டு, மிளகு மூட்டையோடு கீழே போன ராசுவிடம் நோட்டை மட்டும் டாக்டரிடம் கொடுத்தனுப்பினேன். காலைப் பற்றி ஒரு வரி எழுதினேன், சின்னக் காயம் என்று எழுதினேன். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, அதே மாத்திரை போதும், காயம் ஆறிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். என் பொய்யை நம்பி ஒரு நல்ல மனுஷர் கையெழுத்துப் போட்டிருந்தார். மார்கழி பிறந்த வாரம் விரல் கறுத்து வாடை வந்தது. நாலு ஆள் டோலி கட்டி அவரைக் காரவள்ளிக்கு இறக்கினார்கள். வழியெல்லாம் அப்பா, "கல்யாண மாப்பிள்ளையாட்டம் போறேன், மேளத்தைத்தான் காணோம்" என்று ஆட்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார். நான் நோட்டை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தானே சோதனை செய்தார். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், செங்கல். மேஜையில் என் நோட்டு திறந்திருந்தது, அன்றைய தேதிக்கு நேராகப் பச்சை. அவர் கத்தவில்லை. இந்த நோட்டை எழுதியது யார் என்று மட்டும் கேட்டார். கட்டிலில் இருந்தபடி அப்பா சொன்னார், "அவ எழுதுனதுதாங்க. ஆனா நாந்தானுங்க திருட்டுத்தனமாத் தின்னுப்போட்டு, சோதனைக்குப் பச்சைத் தண்ணியக் கலந்து குடுத்து அவளை ஏமாத்திட்டேன். அவமேல குத்தமில்லீங்க." டாக்டர் அப்பாவைப் பார்த்து, உங்கள் காலை நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்றார். நர்ஸ் ஒருத்தி, இப்படிப்பட்டவருக்கு வாக்கப்பட்ட பாவம் என்று என் தோளைத் தட்டினாள். நான் வாய் திறக்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மறுநாளாவது சொல்லியிருக்க வேண்டும். விரலை எடுத்துப் பதினெட்டு நாள் அங்கே இருந்தோம், ஒவ்வொரு நாளும் டாக்டர் வரும்போது எழுந்து நின்றேன், ஒவ்வொரு நாளும் சொல்லாமல் உட்கார்ந்தேன். இதெல்லாம் தெரியாமல்தான் நீயும் அப்பாவைத் திட்டி என்னைப் புகழ்ந்து எழுதினாய். வீட்டுக்கு வந்த பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "எனக்கு ஒரு விரல் போச்சு, உனக்குப் பள்ளிக்கூடத்துல பேரு போயிருமே கண்ணு" என்றார்.

இப்போது மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஊசிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஊசிக் குழலைக் கொதிநீரில் போட்டு எடுத்து நானே தொடையில் போடுகிறேன், மருந்துப் புட்டியை ஈரமணல் நிரப்பிய சட்டியில் வைத்திருக்கிறேன். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், தள்ளிப்போனால் வியர்த்து மயக்கம் வந்துவிடும், அதனால் பள்ளிக்கூடத்து மணியடித்ததும் ஓடி வந்து சோறு போட்டுவிட்டு ஓடுகிறேன். சிவராத்திரி கழிந்ததும் காலைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் சர்க்கரை இறங்கிப் புண் மூடிவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா உனக்கு எழுதிய கார்டில் இதை மட்டும் விட்டுவிட்டார், நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. எட்டுக் கிரகம் கூடுகிறது, உலகம் முடியப்போகிறது என்று அங்கேயும் பேசியிருப்பார்கள். இங்கே அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "உலகமே போகப்போகுது, அரை ஆழாக்கு அளந்து தின்னுட்டா சாகறது, ரெண்டு கச்சாயம் சுடு டீச்சர்" என்று காலையிலிருந்து பாட்டு. நான் அடுப்படியில் வெல்லத்தை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். கடைசியில் வெல்லத்தை உறியில் ஏற்றிவிட்டு, என்ன வந்தாலும் வரட்டும் என்று சாமையை அரை ஆழாக்கு அளந்து வடித்தேன், அவரைக்கொட்டையை வேகவைத்துக் கடைந்தேன், பாகற்காய் பொரித்தேன், உன் அம்மாவுக்கு இலை போட்டேன். இந்த இலையைப் பார்த்து இருசாயி என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் அவள் முகத்தைப் பார்க்காமலே நின்றேன். அவள் சொன்னாள், "இப்பத்தானுங்க மூத்தம்மா இலையாட்டம் இருக்குது. அவங்க இங்க இருந்த இருவது வருசமும் சாமைச்சோறும் அவரைக் கடைசலுந்தானுங்க. இனிப்பு வாயிலயே வெக்க மாட்டாங்க, பல்லு கூசும்பாங்க. நீங்க ஆடியில சுட்டதெல்லாம் உங்க ஊருப் பலகாரம்னு நாங்க பேசிக்கிட்டோம்." நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு முதலிலேயே தெரியும். நான் கேட்கவில்லை, கேட்காதவளிடம் சொன்னால் வருத்தப்படுவேன் என்று அவர் சொல்லவில்லை. உன் அம்மா பேரைச் சொல்லி, உன் அம்மா தொடாததையெல்லாம் உன் அப்பாவுக்கு ஊட்டியிருக்கிறேன்.

டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதி இதோடு தபாலில் சேர்க்கிறேன், அதில் நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதிவிட்டேன். உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும், கோபத்தை என் பேருக்கே எழுது, அப்பாவுக்கு மட்டும் உடனே ஒரு நல்ல கார்டு போட்டுவிடு, நீ திட்டி எழுதியதை அவர் மறுபடி ஒரு தடவை என்னைப் படிக்கச் சொன்னார். இன்னொன்று, இந்த வியாதி அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனையை நீயும் ஒரு தடவை செய்துகொள், வெட்கப்படாதே. மெஸ்ஸில் தினம் பூரியும் நாலு வேளைச் சர்க்கரை டீயும் என்று எழுதியிருந்தாய், டீயை இரண்டாக்கு, காய் இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடு என்று எண்ணாதே, டூட்டி இல்லாத நாளில் படுத்தே கிடக்காமல் நட. வெறுங்காலோடு தண்டவாளத்துப் பக்கம் போகாதே. உன் அம்மாவுக்கு வேறு என்னென்ன பிடிக்கும் என்று உனக்கு நினைவிருப்பதை எழுது. இத்தனை நாள் கேட்க வெட்கப்பட்டேன், இப்போது கேட்கிறேன். மாசி அமாவாசைக்குள் உன் கடிதம் வந்தால் அதையே சமைப்பேன். நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், நல்ல பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு மனநிறைவாய் வாழ வேண்டும் கண்ணு. அப்பாவின் ஆசியையும் அவரைக் கேட்காமலே இதில் சேர்க்கிறேன், அது எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
பொன்னம்மாள்

புது நோட்டுப் போட்டிருக்கிறேன், விளக்கையும் குழாயையும் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். முந்தாநாள் ஆரஞ்சு. நேற்றும் ஆரஞ்சு. இன்று காலை மஞ்சள், பச்சை இன்னும் வரவில்லை.